குழந்தை சட்டையில் முட்டைக் கறையா? தோல் தொழிலில் பிறந்த தீர்வு... யார் இந்த ஓட்டோ ரோம்?

குழந்தைக்கு முதன்முதலா முட்டை ஊட்டுற நாள். பாதி வாய்க்குள்ள போகும், மீதி சட்டையில. பதறிப்போய் அந்தச் சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கறை போகாது, இன்னும் கெட்டியா ஒட்டிக்கும். காரணம் சிம்பிள்: முட்டை, பால், பருப்பு எல்லாத்துலயும் புரதம் இருக்கு. சட்டியில் முட்டை வேகுற மாதிரியே, சூடு பட்டதும் துணி இழைக்குள்ளேயும் அது இறுகிப்போகும்.

இதுக்கு இன்னைக்கு நம்மகிட்ட இருக்கும் நல்ல தீர்வு, என்சைம் கலந்த டிடர்ஜென்ட். துணி துவைக்க என்சைமைப் பயன்படுத்தலாம்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே காப்புரிமை வாங்கியவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம்.

மருந்துக்கடையில் தொடங்கிய வாழ்க்கை

1876 மார்ச் 14-ம் தேதி, தெற்கு ஜெர்மனியின் ஓரிங்கன் என்ற சிறிய ஊரில் பிறந்தார் ரோம். முதலில் மருந்துக்கடை உதவியாளர் வேலை. பிறகு வேதியியல் படிப்பு. 1901-ல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அக்ரிலிக் அமிலம் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு அப்போது யாருக்கும் பெருசா தேவைப்படலை. சில வருடங்களில், ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு ஆலையில் வேதியியலாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

நாற்றம் காட்டிய வழி

அந்தக் காலத்துல தோல் பதனிடும் தொழிலில் ஒரு அருவருப்பான கட்டம் இருந்தது. சுண்ணாம்பில் ஊறி விறைத்துப்போன தோலை மென்மையாக்க, நாயின் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். தொழிலாளர்கள் அந்தத் தொட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை பார்க்கணும். ஒருமுறை ஊறினது சரியா வரும், அடுத்த முறை தோலே வீணாகிப்போகும்.

அந்தத் தொட்டியின் வாடையும், தன் ஆலையில் வெளியேறும் கழிவுநீரின் வாடையும் ஒரே மாதிரி இருப்பதை ரோம் கவனித்தார். ரெண்டும் ஒரே வேலையைச் செய்யுமோ என்ற சந்தேகம் வந்தது. அந்தக் கழிவுநீரை வைத்தே ஒரு தயாரிப்பை உருவாக்கி, 'ஓரோ' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவுக்குப் போயிருந்த நண்பர் ஓட்டோ ஹாஸையும் பார்ட்னராகக் கூப்பிட்டார்.

ஹாஸ் வேலையை விட்டுட்டு வந்து சேர்ந்தார். ஆனா ஓரோ எதிர்பார்த்தபடி வேலை செய்யல.

தோல்விக்குப் பிறகு...

நண்பரை நடுத்தெருவில் நிறுத்திவிடக் கூடாது என்ற நெருக்கடி. ரோம் கேள்வியையே மாற்றிக்கொண்டார். வாடையை விடுவோம், மலத்தில் உண்மையில் வேலை செய்வது எது? செரிமானத்தில் புரதத்தை உடைக்கும் என்சைம்கள்தான் என்ற முடிவுக்கு வந்தார். அப்படியென்றால் மலமே தேவையில்லை. இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் விலங்குகளின் கணையத்திலிருந்தே அதை எடுத்துவிடலாம்.

அப்படி உருவானதுதான் 'ஓரோபான்'. 1907-ல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் தொடங்கியது. 1909-ல் நிறுவனம் டார்ம்ஸ்டாட் நகருக்கு மாறியது. அதே வருடம் ஹாஸ் மீண்டும் அமெரிக்கா போய், பிலடெல்ஃபியாவில் கிளை திறந்தார். தோல் தொட்டியிலிருந்து அந்த நாற்றம் மெல்ல வெளியேறியது.

தோலிலிருந்து துணிக்கு

தோலில் ஒட்டியிருக்கும் தேவையில்லாத புரதத்தை உடைக்கும் என்சைம், துணியில் ஒட்டிய உணவுக் கறையை உடைக்காதா? இதுதான் ரோமின் அடுத்த கேள்வி. 1913-ல் காப்புரிமை, 1914-ல் 'பர்னஸ்' என்ற பெயரில் விற்பனை. சலவைச் சோடாவுடன் கொஞ்சம் கணையச் சாறு கலந்த பொடி அது.

ஆனா ஒரு சிக்கல். துவைக்கும் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. விலங்கின் என்சைம் அதில் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. காரத்தைத் தாங்கும் பாக்டீரியா என்சைம்கள் 1960-களில் சந்தைக்கு வந்த பிறகுதான் ரோமின் ஐடியா முழுசா ஜெயித்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. முனைவர் பட்ட ஆய்வில் தொட்ட அக்ரிலிக்கை அவர் கைவிடவே இல்லை. 1933-ல் அவருடைய நிறுவனம் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற உடையாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது. அது போர் விமானங்களின் ஜன்னலாகவும் ஆனது. இரண்டாம் உலகப்போர் தொடங்கி சில வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1939 செப்டம்பர் 17 அன்று ரோம் காலமானார்.

நம்ம வீட்டில் என்ன செய்யலாம்?

• கறை பட்டதும் ஸ்பூனால் வழித்தெடுங்கள். துணியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் விடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம்.

• என்சைம் டிடர்ஜென்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். என்சைம் வேலை செய்ய நேரம் வேணும். ரொம்ப சூடான தண்ணீர் என்சைமையே கெடுத்துவிடும்.

• பட்டு, கம்பளித் துணிகளுக்கு இது வேண்டாம். அந்த இழைகளே புரதம்தான். கறையோடு சேர்த்து துணியையும் அரித்துவிடும்.

• மஞ்சள் கறைக்கு என்சைம் எடுபடாது, அது புரதம் இல்லை. துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் நிறம் மங்கிப்போகும்.

• குழந்தையின் தோல் மென்மையானது. டிடர்ஜென்ட் மிச்சமில்லாமல் நன்றாக அலசுங்கள். 1960-களின் இறுதியில் என்சைம் தூசியைச் சுவாசித்த தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அதன் பிறகே என்சைமைப் பூச்சு போட்ட சிறு மணிகளாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதனால் பொடியைத் தூவும்போது குழந்தை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கோங்க.

• கறை முழுசா போயிடுச்சான்னு பார்த்த பிறகே இஸ்திரி போடுங்கள். மிச்சம் இருந்தால், இன்னொரு முறை ஊறவைத்தாலே போதும்.