இன்ஜினீயரிங் சீட்டுக்கு ஒண்ணாம் வகுப்பில் அடித்தளம்: ஆவடி, அம்பத்தூரை மாற்றிய காமராஜர் காலம்

வீட்டிலேயே முதல் பட்டதாரி, அதுவும் இன்ஜினீயர். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி பக்கம் இப்படிப் பலரைப் பார்க்கலாம். இவர்களுடைய பாதை கவுன்சலிங்கில் தொடங்கியதாகத்தான் நினைக்கிறோம். ஆனா அதற்கு ரொம்ப முன்னாடியே, ஒண்ணாம் வகுப்பில் இருந்தே வழி போட்டவர் காமராஜர்.

பாதியில் நின்ற படிப்பு

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. பிறகு சுதந்திரப் போராட்டம், சிறை.

1954 ஏப்ரலில் அவர் முதல்வரானபோது மாநிலமே ஒரு திட்டத்தால் கொதித்துக்கொண்டிருந்தது. ராஜாஜி அரசு 1953-ல் கொண்டுவந்த திட்டப்படி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினமும் சுமார் 3 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளி, ஆசிரியர் தட்டுப்பாட்டுக்கு இதுதான் வழி என்றது அரசுத் தரப்பு. சாதியை நிலைநிறுத்தும் வேலை இது என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தார்கள்.

காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. யோசித்துப் பாருங்க, அன்றைக்கு எத்தனை கிராமத்து வீடுகளில் இன்ஜினீயரிங் குடும்பத் தொழிலாக இருந்திருக்கும்?

சோறு, சீருடை, பள்ளி

பசியோடு வரும் பிள்ளை வகுப்பில் நிலைக்காது. அதனால் 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறந்தார்கள். ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில் சீருடை, பெஞ்ச், கட்டடம் எல்லாம் வந்தன. இலவசக் கல்வியும் படிப்படியாக 11-ம் வகுப்பு வரை விரிந்தது.

ஆவடிக்கு வந்த மாற்றம்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. நாட்டை சோஷலிச பாணியில் கட்டியெழுப்ப வேண்டும் என்ற தீர்மானம் அங்குதான் நிறைவேறியது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை, 1961-ல் ஆவடியில் மத்திய அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை. காமராஜர் 1963 அக்டோபரில் பதவி விலகினார். அடுத்த ஆண்டே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஃபிட்டர், டர்னர், டிப்ளமோ, டிகிரி என எல்லோருக்கும் தேவை வந்தது. ஒரு முனையில் பள்ளி, மறுமுனையில் வேலை.

இப்போ ஏன் பேசணும்?

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்தும் அரசுப் பள்ளி மாணவர்கள் தொழிற்படிப்புகளில் குறைவாகவே சேர்ந்தார்கள். அதனால்தான் 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடங்களை 2021-ல் தமிழக அரசு ஒதுக்கியது.

ஆனா அந்தச் சீட்டைக் கேட்க 12-ம் வகுப்பைத் தாண்டியிருக்க வேண்டும். காமராஜரைப் போல பாதியில் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது எட்டாது. ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கே போகும் வேலை இன்னும் முடியவில்லை.