மரைக்கு அளவு தந்த மாமனிதர்



ஒர்க் ஷாப்பில் டேப் பிடித்து மரை வெட்டுகிற நமக்கு 'விட்வொர்த்' என்ற பெயர் பழக்கமானது. அது வெறும் அளவின் பெயர் அல்ல, ஒரு மனிதரின் பெயர். அவரைப் பற்றி நான் படித்து அறிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஜோசப் விட்வொர்த் 1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. சிறு வயதிலேயே உறவினரின் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். பிறகு லண்டனில் மாட்ஸ்லே பட்டறையில் தொழில் பழகி, 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒரு போல்ட் உடைஞ்சு போச்சுன்னா, இன்னொரு பட்டறையின் போல்ட் அதில் ஏறாது. அதே அளவில் புதுசாகக் கடைந்துதான் போடணும். அதுவரைக்கும் எஞ்சின் சும்மா நிற்க வேண்டியதுதான். விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். 55 டிகிரி கோணம், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கை 1841-ல் வெளியிட்டார்.

கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்குப் பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 90 எஞ்சின்களின் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மரை ஒன்றாக இருந்ததால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

இரண்டாம் உலகப் போரில் இதற்கு நேர்மாறு. அமெரிக்க மரை 60 டிகிரி, பிரிட்டிஷ் மரை 55 டிகிரி. ஒரே பக்கம் நின்று போரிட்டவர்கள், ரிப்பேருக்கு இரண்டு வகை நட்டு போல்ட்டைச் சுமக்க வேண்டியதாயிற்று. பட்ட பிறகுதான் 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. விட்வொர்த்தின் 55 டிகிரி விட்டுக் கொடுக்கப்பட்டது. அவர் சொன்ன வழி ஜெயித்தது.

ரிப்பேர் செலவு பழுது வந்த பிறகு குறைவதில்லை. மரை வெட்டும் அன்றைக்கே அது முடிவாகிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பட்ட பாடம்.

1868-ல் இளம் தொழிலாளர்களுக்காக ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை அவர் ஏற்படுத்தினார். அதைப் பெற ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும். 1887-ல் அவர் மறைந்தார். என் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கையில் கிரீஸ் ஒட்டுவதை இளக்காரமாக யாராவது பேசினால், இனி இவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீங்களும் சொல்லுங்கள்!