பேர் இல்லாத தொழிலுக்கு வந்தவர்

டேட்டா ஸ்ட்ரக்சர் பரீட்சையில் ஷார்ட்டஸ்ட் பாத் என்று பத்து மார்க்குக்கு எழுதுகிறோமே, அதைக் கண்டுபிடித்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1930-ல் ஹாலந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1951-ல் கேம்பிரிட்ஜ் போய் மூன்று வாரம் புரோகிராமிங் கற்றார். அதோடு மனசு மாறிப்போச்சு.

ஆனால் இது ஒரு படிப்பா, மரியாதையான தொழிலா என்று அவருக்கே சந்தேகம். ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் அவருடைய மேலாளர் வான் வைங்கார்டன், அதை மரியாதையான துறையாக ஆக்கப்போவது நீயாகவே இருக்கலாமே என்ற விதமாகத் தேற்றினாராம். 1957-ல் கல்யாணப் பதிவின்போது தொழில் புரோகிராமர் என்றார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்கவில்லை. இயற்பியலாளர் என்றுதான் பதிவானது.

எங்க வீட்ல முதல்ல படிக்க வந்தவன் நான். இந்தப் படிப்பு முடிச்சா என்ன வேலைடா, செல்போன் ரிப்பேரான்னு அப்பா கேட்பார். அதனாலேயே இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

ஷார்ட்டஸ்ட் பாத் அவருக்கு இருபது நிமிஷ வேலை. 1956-ல் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல் யோசித்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய சாதனை, 1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போன பிறகு செய்ததுதான். பலர் கொடுக்கும் புரோகிராம்களை ஒரே கணிப்பொறி கலந்து ஓட்டணும். அதற்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை அடுக்கடுக்காக வடிவமைத்தார். பிராசசரைப் பங்கிடுவது அடித்தட்டு, நினைவகம் அதற்கு மேல், இப்படியே போகும். கீழ்த்தட்டை முழுசா சோதித்த பிறகே மேல்தட்டு. என் அப்பா கொத்தனார். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் அடுத்த வரிசை ஏற்ற மாட்டார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார்.

இரண்டு புரோகிராம்கள் ஒரே இடத்தில் மோதாமல் இருக்க இவர் வைத்த வழிதான் செமஃபோர். ரயில் கைகாட்டி மரத்தின் பெயர் அது. 6 பேருக்கு மேல் போகாத குழு, அதுவும் பாதி நேர வேலை. 1968-ல் அந்த வேலையைப் பற்றி எழுதினார். கோடூ வேண்டாம் என்ற அவருடைய பிரபலமான கடிதமும் அதே வருஷம்தான். 1972-ல் டூரிங் விருது.

1984 முதல் 1999 வரை அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2002 ஆகஸ்ட் 6-ல் ஹாலந்தின் நூனன் ஊரில் புற்றுநோயால் காலமானார். நம்பர் போட்டு 1300-க்கு மேல் குறிப்புகள் எழுதி, நகல் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். நிறைய மை பேனாவால் எழுதியவை. இன்டர்நெட்டில் இலவசமாகவே இருக்கு, பாருங்க. கையெழுத்து நம்ம ரெக்கார்டு நோட்டைவிட எவ்வளவோ அழகு!