பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளரும் நூலாசிரியரும் ஓவியரும் ஆவார். கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிருடன் பேணும் முறையை வீடுகள்தோறும் பரவச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். இன்று உலகெங்கும் வழங்கும் அக்வேரியம் என்னும் சொல்லை, நீர்வாழ் விலங்குகளை வளர்க்கும் தொட்டிக்குரிய பெயராக 1854 இல் நிலைபெறச் செய்தவரும் இவரே.

இளமைக்காலம்

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் தீட்டியவர். டோர்செட் மாவட்டத்திலுள்ள பூல் என்னும் துறைமுக நகரில் கோசின் இளமை கழிந்தது. அங்கு இவருடைய அத்தை சூசன் பெல் இவருக்கு வரையக் கற்பித்ததுடன், கடற்சாமந்திகளையும் அறிமுகம் செய்துவைத்தார். வறுமையின் காரணமாக 15 ஆவது வயதிலேயே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

கடல் கடந்த வாழ்க்கை

1827 இல் நியூபவுண்ட்லாந்து சென்று கார்போனியர் என்னும் ஊரில் எழுத்தராகப் பணியாற்றினார். 1832 இல் நுண்ணோக்கி பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்கியது முதல் பூச்சிகளை முறையாக ஆராயத் தொடங்கினார். அதே ஆண்டில் ஆழ்ந்த கிறித்தவப் பற்றும் இவரிடம் ஏற்பட்டது. இவ்விரண்டும் இறுதிவரை இவரைவிட்டு நீங்கவில்லை. 1835 இல் கனடாவில் வேளாண்மை செய்து தோல்வியுற்றார். 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் ஆசிரியராக இருந்தார். அங்கு நிலவிய அடிமை முறை இவரைப் பெரிதும் வருத்தியது. 1839 இல் நாடு திரும்பினார். பின்னர் 1844 முதல் ஏறத்தாழ 18 மாதங்கள் ஜமைக்காவில் பறவைகளையும் பிற உயிரினங்களையும் சேகரித்தார்.

1848 இல் சமய எழுத்தாளரான எமிலி போவ்சை மணந்தார். இவர்களுடைய ஒரே மகன் எட்மண்ட் 1849 இல் பிறந்தார்.

தொட்டியில் கடல்

உடல்நலம் குன்றியதால் 1852 இல் கோஸ் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குச் சென்றார். அலை வடிந்த வேளையில் பாறைக் குட்டைகளில் தென்படும் உயிரினங்களை அங்கு ஆராய்ந்தார். கரையிலிருந்து எடுத்துச் செல்லப்படும் உயிரினங்கள் விரைவில் இறந்துவிடுவதே அக்கால ஆய்வாளர்களுக்குப் பெரும் தடையாக இருந்தது. ஆனா தின் என்னும் பெண்மணி 1846 முதல் லண்டனில் பவளங்களை உயிருடன் பேணினார். கடல்நீரில் காற்றுக் கலப்பதற்காக அதை நாள்தோறும் பாத்திரம் மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் செடிகளையும் விலங்குகளையும் சேர்த்து வளர்த்தால் நீர் கெடாது என்று காட்டினார். கோஸ் இதே கொள்கையைக் கடல்நீரில் செயற்படுத்தினார்.

கடற்பாசி ஒளியில் வெளியிடும் ஆக்சிசனை விலங்குகள் சுவாசிக்கின்றன. விலங்குகள் வெளியிடும் கரியமில வாயுவைப் பாசி பயன்படுத்திக் கொள்கிறது. இதுவே இம்முறையின் அடிப்படை. கடற்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. எனவே அது ஒட்டியிருக்கும் பாறைத் துண்டை உளியால் பெயர்த்து, பாசியுடன் சேர்த்தே தொட்டியில் இட வேண்டும் என்று கோஸ் அறிவுறுத்தினார். கண்ணாடியில் படரும் பாசியை மேய்வதற்குக் கடல்நத்தைகளை விட்டார். இறந்த உயிரை உடனே அகற்றுதல், கடும் வெயிலை மறைத்தல், ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர் சேர்த்தல் ஆகியவையும் இவருடைய முறையில் அடங்கும். நீரிலுள்ள கழிவு அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. பாறைத் துண்டுகளில் ஒட்டி வந்த நுண்ணுயிரிகளும் இவருடைய தொட்டிகளுக்கு உதவியிருக்க வேண்டும்.

கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்காகச் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீரும் தயாரித்தார்.

முதல் பொது மீன்காட்சியகம்

1853 மே மாதத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. இதுவே உலகின் முதல் பொது மீன்காட்சியகம் ஆகும். இதற்குத் தேவையான கடல் உயிரினங்களுள் பலவற்றைக் கோஸ் சேகரித்துக் கொடுத்தார். மறு ஆண்டில் தாமே வரைந்த வண்ணப் படங்களுடன் தி அக்வேரியம் என்னும் நூலை வெளியிட்டார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1856 இல் இவர் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொட்டியால் புதிய அறிவும் கிடைத்தது. துறவி நண்டு வளர்ந்து வேறு சங்குக்குக் குடிபெயரும்போது, தன் பழைய சங்கில் ஒட்டியிருந்த கடற்சாமந்தியையும் உடன் மாற்றிக்கொள்வதைக் கோஸ் 1859 இல் கண்டறிந்தார்.

துயரும் தோல்வியும்

1857 பெப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் கோஸ் ஓம்பலோஸ் என்னும் நூலை வெளியிட்டார். உலகம் படைக்கப்பட்டபோதே தொன்மையின் அடையாளங்களுடன் படைக்கப்பட்டது என்று வாதிட்டு, நிலவியலையும் விவிலியத்தையும் இணைக்க அதில் முயன்றார். அறிவியலாளர்கள், சமயவாதிகள் ஆகிய இரு தரப்பினரும் அதனை ஏற்கவில்லை. பின்னர் இவர் மகனுடன் டெவனிலுள்ள செயிண்ட் மேரிசர்ச்சில் குடியேறி, பிரித்தானியக் கடற்சாமந்திகள் பற்றிய பெருநூலை 1860 இல் நிறைவு செய்தார். அதே ஆண்டில் எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார்.

கடற்கரையின் இழப்பு

1845 இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும், தொடர்வண்டிப் பாதைகள் கடற்கரை வரை நீண்டதும் தொட்டி வளர்ப்பு பரவத் துணை செய்தன. கோசின் நூல்களைப் படித்தவர்கள் உளியும் சாடிகளுமாகக் கடற்கரைகளில் குவிந்தனர். வளர்க்கும் முறையை அறியாமல் எடுத்துச் செல்லப்பட்டவற்றுள் பல மாண்டன. 1860களில் இந்த மோகம் தணிவதற்குள் பல பாறைக் குட்டைகள் வெறுமையாகிவிட்டன. எட்மண்ட் 1907 இல் வெளியிட்ட தந்தையும் மகனும் என்னும் நூலில் இவ்வழிவைப் பதிவு செய்துள்ளார். கடலின் அழகைப் பிறர் அறிந்து போற்ற வேண்டும் என்று எழுதிய நூல்களே அவ்வழகு அழியக் காரணமானது தம் தந்தையைப் பெரிதும் வருத்தியதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

இறுதிக்காலம்

முதுமையில் கோஸ் ஆர்க்கிட் செடிகளை வளர்த்தார். நுண்ணோக்கியில் சக்கர உயிரிகளையும் ஆராய்ந்தார். 1888 இல் தமது 78 ஆவது வயதில் செயிண்ட் மேரிசர்ச்சில் காலமானார்.

முக்கிய நூல்கள்

- கனடிய இயற்கையியலாளர் (1840)
- ஜமைக்காவின் பறவைகள் (1847)
- டெவன் கடற்கரையில் ஓர் இயற்கையியலாளரின் உலாக்கள் (1853)
- தி அக்வேரியம் (1854)
- ஓம்பலோஸ் (1857)
- ஆக்டினோலோஜியா பிரிட்டானிகா (1858-1860)