அமர் சிங்

லதா அமர் சிங் (டிசம்பர் 4, 1910 – மே 1940) இந்தியத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் உறுப்பினர் ஆவார். வலக்கை வேக-மிதவேகப் பந்துவீச்சாளரான இவர், பின்வரிசையில் விரைந்து ஓட்டங்கள் சேர்க்கும் மட்டையாளராகவும் விளங்கினார். இந்தியா விளையாடிய முதல் ஏழு தேர்வுப் போட்டிகளிலும் கலந்துகொண்டு 28 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். முகமது நிசாருடன் இணைந்து இவர் பந்துவீசிய காலமே இந்திய வேகப் பந்துவீச்சின் தொடக்க காலமாகும்.

இளமை

அமர் சிங் இன்றைய குசராத் மாநிலத்திலுள்ள ராஜ்கோட்டில் பிறந்தார். இவரது அண்ணன் எல். ராம்ஜியும் வேகப் பந்துவீச்சாளரே. 1933 டிசம்பரில் பம்பாயில் நடைபெற்ற தேர்வுப் போட்டியில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து விளையாடினர். ராம்ஜிக்கு அதுவே ஒரே தேர்வுப் போட்டியாக அமைந்தது.

பந்துவீச்சு முறை

உயரமும் வலிமையும் உடைய அமர் சிங், சில அடிகளே ஓடி வந்து பந்தை எறிவார். ஓட்டம் குறைவாக இருப்பதால் பந்து மெதுவாக வரும் என்று எண்ணிய மட்டையாளர்கள் பலர் ஏமாந்தனர். தரையில் பட்ட பின்னர் அவரது பந்து எதிர்பார்த்ததைவிட விரைவாக எழுந்து வந்தது. காற்றில் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் பந்தை வளைக்கும் திறன் இவருக்கு இருந்தது. ஒரு முனையில் நிசார் முழு வேகத்தில் வீச, மறுமுனையில் அமர் சிங் திசையையும் அளவையும் மாற்றாமல் வீசினார். இதனால் எதிரணியினருக்கு எந்த முனையிலும் ஓய்வு கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் வால்டர் ஹம்மண்ட் இவரைத் தாம் எதிர்கொண்ட மிக ஆபத்தான தொடக்கப் பந்துவீச்சாளர்களுள் ஒருவராகக் கருதினார்.

1932 இங்கிலாந்துப் பயணம்

இந்தியாவின் முதலாவது தேர்வுப் போட்டி 1932 சூன் 25 அன்று இலண்டன் லார்ட்ஸ் திடலில் தொடங்கியது. சி. கே. நாயுடு தலைமை தாங்கினார். அமர் சிங் இரு இன்னிங்சுகளிலும் இரண்டிரண்டு விக்கெட்டுகளை எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் தோல்வி உறுதியாகிவிட்ட நிலையில் களமிறங்கி 51 ஓட்டங்கள் எடுத்தார். தேர்வுப் போட்டியில் இந்தியர் ஒருவர் இந்தியாவுக்காக எடுத்த முதல் அரைச்சதம் இதுவாகும். மலாயாவிலிருந்து வந்து இந்தியாவுக்கு விளையாடிய லால் சிங்குடன் இணைந்து இவர் 74 ஓட்டங்கள் சேர்த்தார். போட்டியில் இங்கிலாந்து 158 ஓட்டங்களால் வென்றது. அப்பயணத்தின் முதல்தரப் போட்டிகளில் அமர் சிங் மொத்தம் 111 விக்கெட்டுகளைக் கைப்பற்றியதுடன் இரண்டு சதங்களும் அடித்தார்.

சென்னையும் லார்ட்சும்

1934 பெப்ரவரியில் சேப்பாக்கத்தில் சென்னையின் முதலாவது தேர்வுப் போட்டி நடைபெற்றது. டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி முதல் இன்னிங்சில் 335 ஓட்டங்கள் எடுத்தது. அமர் சிங் 44.4 நிறைவுகள் வீசி 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் ஹெட்லி வெரிட்டியின் சுழலில் இந்தியா 145 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இறுதியில் 202 ஓட்டங்களால் தோற்றது. அமர் சிங்கின் இந்தச் சாதனை 18 ஆண்டுகள் இந்தியரின் சிறந்த தேர்வுப் பந்துவீச்சாக நிலைத்தது. 1952 இல் அதே சேப்பாக்கத்தில் வினூ மன்கட் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்து அதனை முறியடித்தார்.

1936 லார்ட்ஸ் போட்டியில் இந்தியா 147 ஓட்டங்களே எடுத்திருந்தது. அமர் சிங் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 134 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அடுத்த இன்னிங்சில் இந்திய மட்டையாளர்கள் 93 ஓட்டங்களே எடுத்ததால் கிடைத்த முன்னிலை வீணானது. இங்கிலாந்து 9 விக்கெட்டுகளால் வென்றது.

தொழில்முறை ஆட்டம்

அக்காலத்தில் இந்தியாவில் துடுப்பாட்டத்தை மட்டும் நம்பி வாழ்வது கடினம். மன்னர்களின் ஆதரவோ வெளிநாட்டு ஒப்பந்தமோ தேவைப்பட்டது. அமர் சிங் இவ்விரு வழிகளிலும் சென்றவர். இங்கிலாந்தின் லங்காசயர் லீக்கில் கோல்ன் கழகத்துக்காகத் தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடினார். அண்டை நகரான நெல்சன் கழகத்தில் அப்போது மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் ஆடி வந்தார். 1936 ஆம் ஆண்டுப் பயணத்தில் அமர் சிங் முழுநேர உறுப்பினராக இருக்கவில்லை; கோல்ன் கழகம் அனுமதித்தபோதே இந்திய அணிக்கு ஆடினார்.

உள்நாட்டில் மேற்கு இந்திய அணிக்கும், பின்னர் நவாநகர் அணிக்கும் விளையாடினார். 1936-37 இல் நவாநகர் வங்காளத்தை வென்று ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வணியில் இளைஞர் வினூ மன்கடும் இருந்தார். ரஞ்சிக் கோப்பையில் 1000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் எட்டிய முதல் ஆட்டக்காரர் அமர் சிங்கே. 1937-38 இல் டென்னிசன் பிரபுவின் அணிக்கு எதிரான ஐந்து அதிகாரபூர்வமற்ற தேர்வுப் போட்டிகளில் 36 விக்கெட்டுகளை எடுத்தார்.

மறைவு

1939-40 இல் திட்டமிடப்பட்டிருந்த இங்கிலாந்து அணியின் இந்தியப் பயணம் இரண்டாம் உலகப் போரினால் கைவிடப்பட்டது. 1940 மே மாதம் அமர் சிங் நிமோனியாக் காய்ச்சலால் ஜாம்நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 29. 1936 இற்குப் பின்னர் இந்தியாவுக்கு அடுத்த தேர்வுப் போட்டி 1946 இல்தான் கிடைத்தது. அவர் உயிருடன் இருந்திருந்தாலும் தம் சிறந்த ஆண்டுகளில் தேர்வுப் போட்டி ஆடியிருக்க இயலாது.

மதிப்பீடு

அமர் சிங் ஆடிய ஏழு தேர்வுப் போட்டிகளும் இங்கிலாந்துக்கு எதிரானவை. அவற்றில் ஐந்தில் இந்தியா தோற்றது, இரண்டு சமநிலையில் முடிந்தன. தேர்வுப் போட்டிகளில் இந்தியாவின் முதல் வெற்றி அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது. எனவே வெற்றிகளைக் கொண்டு இவரை அளவிட முடியாது. முதல்தரப் போட்டிகளில் இவர் எடுத்த 508 விக்கெட்டுகளும் அவற்றின் 18.35 என்னும் சராசரியுமே இவரது தரத்தைச் சரியாகக் காட்டுகின்றன.

புள்ளிவிபரங்கள்

தேர்வுத் துடுப்பாட்டம்: 7 போட்டிகள், 28 விக்கெட்டுகள், சராசரி 30.64, சிறந்த பந்துவீச்சு 7/86. 292 ஓட்டங்கள், சராசரி 22.46, அதிகபட்சம் 51.

முதல்தரத் துடுப்பாட்டம்: 92 போட்டிகள், 508 விக்கெட்டுகள், சராசரி 18.35, 3344 ஓட்டங்கள், 5 சதங்கள்.