அடகுச் சீட்டு: ஒரு மைனிங் மாணவனின் கதை

புனிதர்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது நீளமான அங்கி, தாடி, கூப்பின கை. ஆனா 2025 செப்டம்பர் 7-ம் தேதி ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்ட ஒருத்தர் நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஸ்டூடன்ட். மலை ஏறுவார், பைப் புகைப்பார், ஸ்கூல்ல லத்தீன் பாடத்தில் ஃபெயில் ஆனவர். டிகிரி முடிக்கிறதுக்கு முன்னாடியே 24 வயசுல இறந்துட்டார். அவர் பேர் பியேர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி.

1901 ஏப்ரல் 6-ம் தேதி இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். அப்பா அல்ஃப்ரேதோ, 'லா ஸ்தாம்பா' என்ற பெரிய நாளிதழின் உரிமையாளர், செனட்டர், பிறகு ஜெர்மனிக்கான இத்தாலியத் தூதர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அம்மா அதெலைதே ஓவியர். ஒரு வயசு இளைய தங்கச்சி லூச்சியானா. வீட்டுல வசதி நிறைய, ஆனா பசங்க கைல காசு அதிகம் தர மாட்டாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு லேட்டா வந்தா திட்டு நிச்சயம்.

1918-ல் டூரின் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். (இங்க பாலிடெக்னிக்னா டிப்ளமோ இல்ல, இன்ஜினியரிங் பல்கலைக்கழகம்.) அவர் எடுத்தது சுரங்கப் பொறியியல். பத்திரிகை முதலாளியோட ஒரே பையனுக்கு அது எதுக்கு? பூமிக்கு அடியில் தூசியிலும் விஷவாயுவிலும் வேலை செய்கிற சுரங்கத் தொழிலாளிகள்தான் தொழிலாளிகளிலேயே ரொம்பக் கஷ்டப்படுறவங்கன்னு அவர் நினைத்தார். அவங்களோட இருந்து வேலை செய்யணும்னா அந்தத் துறையில் இன்ஜினியர் ஆகணும். கட்-ஆஃப் பார்த்து, சம்பளம் பார்த்து பிராஞ்ச் எடுக்கிற நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் புதுசு.

இந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? 1891-ல் போப் 13-ம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிற்சாலைகள் பெருகி, தொழிலாளி நாள் முழுக்க உழைத்தும் வறுமையில் கிடந்த காலம். ஒரு குடும்பம் கௌரவமாக வாழுற அளவுக்குக் கூலி தரணும், தொழிலாளிகள் சங்கம் அமைக்க உரிமை உண்டு, பலவீனமானவங்களை அரசு பாதுகாக்கணும்னு அது சொன்னது. சொத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதோட கடமையும் வருதுன்னு சொன்னது. கத்தோலிக்க சமூகப் போதனைன்னு சொல்றது இங்கிருந்துதான் வளர்ந்தது. முதல் உலகப்போர் முடிந்த டூரினில் வேலை நிறுத்தம், விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் இருந்தது. 1920-ல் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளையே கைப்பற்றினாங்க. அந்த ஊர்ல வளர்ந்த பையனுக்கு இந்தப் போதனை வெறும் தியரியா இல்லை.

கல்லூரியில் சேர்ந்த அதே 1918-ல் புனித வின்சென்ட் தே பவுல் சபையிலும் சேர்ந்தார். அந்தச் சபையின் வேலை முறை ரொம்ப எளிமை: ஏழைகளை வரச் சொல்ல மாட்டாங்க, அவங்க வீட்டுக்கே போவாங்க. பியேர் ஜோர்ஜோ மாடிப்படி ஏறி இறங்கி, நோயாளிகள் படுத்திருந்த இருட்டு அறைகளுக்குப் போனார். சாப்பாடு, மருந்து, விறகு கொண்டு போனார். வேலை தேடிக் கொடுத்தார், வாடகை கட்டினார். பணம்? தன் பாக்கெட் மணிதான். டிராம் காசையும் கொடுத்துட்டு வீட்டுக்கு ஓடி வருவார், லேட்டாகித் திட்டும் வாங்குவார். எங்க போயிருந்தார்னு வீட்டுல சொன்னதே இல்லை. அப்பாவோ, பையன் படிப்பில் மெதுவா போறான், பொறுப்பு இல்லைன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தார்.

தனியாள் உதவி மட்டும் போதாதுன்னு அவருக்குப் புரிந்திருந்தது. ஏழை ஏன் ஏழையா இருக்கான் என்ற கேள்வி அரசியல்கிட்ட கொண்டு போய் விடும். 1920-ல் இத்தாலிய மக்கள் கட்சியில் சேர்ந்தார். 1921-ல் ரோமில் நடந்த கத்தோலிக்க இளைஞர் ஊர்வலத்தில் போலீஸ் பாய்ந்தபோது, கொடியை விடாமல் பிடித்துக் கைதானார். முசோலினி ஆட்சிக்கு வந்த பிறகு நிறைய பேர் அமைதியாகிட்டாங்க. 1923-ல் முசோலினி டூரினுக்கு வந்தப்போ, இவர் இருந்த கத்தோலிக்க மாணவர் மன்றம் மரியாதைக்குக் கொடி கட்டியது. இவர் உடனே ராஜினாமா கடிதம் கொடுத்தார். 1924-ல் பாசிஸ்ட் குண்டர்கள் வீட்டுக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தபோது எதிர்த்து நின்று விரட்டினார்.

இவ்வளவு படிச்சதும் சீரியஸான ஆள்னு தோணும். நேர் எதிர். நண்பர்களோட சேர்ந்து 'சந்தேகத்துக்குரிய ஆசாமிகள்' என்ற அர்த்தத்தில் ஒரு கேங் ஆரம்பித்தார். ஆல்ப்ஸ் மலை ஏறுவது, ஸ்கீயிங், ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பது, நடுவுல ஜெபம். லௌரா என்ற பெண்ணைக் காதலித்தார். வீட்டில் ஒத்துக்கமாட்டாங்கன்னு தெரியும். அப்பா அம்மா உறவே உடையுற நிலைமையில் இருந்தது. சொல்லாமலே விட்டுட்டார்.

கடைசியா சுரங்கக் கனவும் போனது. 1925-ல் அப்பா, படிப்பு முடிந்ததும் பத்திரிகை நிர்வாகத்துக்கு வரணும்னு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பியேர் ஜோர்ஜோ ஒத்துக்கிட்டார். வேற யாருக்காகவோ ஏழு வருஷம் படிச்ச படிப்பு, வீட்டுக்காக விட்டுக் கொடுத்தது. அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்ப வலிச்ச இடம் இதுதான்.

ஜூன் கடைசியில் தலைவலி, முதுகுவலி. அதே வாரம் வீட்டில் பாட்டி சாகக் கிடந்தார். எல்லார் கவனமும் அங்கே. இவர் தன் வலியைப் பெரிசு பண்ணல. கால் செயலிழந்த பிறகுதான் டாக்டர்கள் கண்டுபிடித்தாங்க: போலியோ. ஏழை நோயாளிகளிடமிருந்து தொற்றியிருக்கலாம்னு கருதினாங்க. ஜூலை 3 அன்று பாதி செயலிழந்த கையால் நண்பருக்கு ஒரு சீட்டு எழுதினார். கையெழுத்து புரியாத அளவுக்குக் கோணல். விஷயம் இரண்டே. ஒரு ஏழை நோயாளிக்கு ஊசி மருந்து போய்ச் சேரணும். இன்னொருத்தரோட அடகுச் சீட்டைத் தன் கணக்கில் புதுப்பிக்கணும்.

மறுநாள், ஜூலை 4, இறந்தார். பட்டத்துக்குச் சில தேர்வுகளே பாக்கி.

இறுதி ஊர்வலத்துக்கு ஊர்ப் பெரிய மனுஷங்க வருவாங்கன்னு குடும்பம் நினைத்தது. தெரு நிறைய நின்றது டூரினின் ஏழைகள். பையன் இத்தனை வருஷம் எங்க போய்ட்டு வந்தான்னு வீட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. தங்களுக்கு விறகு தூக்கி வந்த பையன் ஃபிரசாத்தி வீட்டுப் பிள்ளைன்னு அவங்கள்ல பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

கத்தோலிக்கராக இருந்தால்தான் இந்தக் கதை புரியணும்னு இல்லை. பிளேஸ்மென்ட் சீசன்ல நாம கேட்கிற கேள்வி: எந்த கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ். குடும்பக் கடன் இருக்கிறவங்க அதைக் கேட்டுத்தான் ஆகணும், தப்பே இல்லை. பியேர் ஜோர்ஜோ அதோட இன்னொரு கேள்வியும் கேட்டார்: நான் படிச்சது யாருக்குப் பயன்படும்? அந்தக் கேள்விக்கு ஆஃபர் லெட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்ததெல்லாம் ஸ்டூடன்டா இருந்தப்போ, பாக்கெட் மணியில செய்ததுதான்.