மூசி நதிக்கரையின் முகத்தை மாற்றிய வின்சென்ட் எஷ்: ஹைதராபாத் உயர் நீதிமன்றம், உஸ்மானியா மருத்துவமனையை உருவாக்கிய கட்டடக் கலைஞர்

ஹைதராபாத்: மூசி நதியின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் தெலங்கானா உயர் நீதிமன்றமும் உஸ்மானியா பொது மருத்துவமனையும் ஹைதராபாத்தின் அடையாளங்கள். ஒரு பெருவெள்ளத்தின் அழிவிலிருந்து நகரம் மீண்டெழுந்த காலத்தில் இவற்றை வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வின்சென்ட் ஜெரோம் எஷ் (1876-1950). நூறாண்டுகளைக் கடந்த இவ்விரு கட்டடங்களின் பணிகளும் புதிய வளாகங்களுக்கு மாறவிருக்கும் நிலையில், அவரது வாழ்க்கை மீண்டும் கவனம் பெறுகிறது.

கொல்கத்தாவில் தொடக்கம்: இங்கிலாந்தில் பிறந்த எஷ், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா வந்து பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். 1903-ஆம் ஆண்டு டெல்லி தர்பாருக்கான தற்காலிகக் கண்காட்சிக் கட்டடத்தை வடிவமைத்தார். விக்டோரியா நினைவு மண்டபத்தை வடிவமைத்த வில்லியம் எமர்சன் இங்கிலாந்தில் இருந்ததால், கொல்கத்தாவில் அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிடும் பொறுப்பு எஷ்ஷிடம் வந்தது. அம்மண்டபம் 1921-ல் திறக்கப்பட்டது.

உருக்குலைத்த வெள்ளம்: 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதியில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஹைதராபாத்தைச் சிதைத்தது. சுமார் 15 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது. அப்சல்கஞ்ச் மருத்துவமனையும் அழிந்தது. அவ்வளாகத்தில் இருந்த புளியமரத்தின் மீது ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர்.

வெள்ளத் தடுப்புக்கு மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனை பெறப்பட்டது. 1911-ல் அரியணை ஏறிய நிஜாம் மிர் உஸ்மான் அலி கான், 1912-ல் நகர மேம்பாட்டு வாரியத்தை நிறுவினார். மறுசீரமைக்கப்பட்ட நதிக்கரையில் பொதுக் கட்டடங்களை எழுப்பும் பணிக்காக 1914-ல் எஷ் அழைக்கப்பட்டார்.

உள்ளூர் மரபும் புதிய நுட்பமும்: சென்னை உயர் நீதிமன்றத்தின் மூலம் தமிழர்களுக்குப் பழக்கமான இந்தோ-சாராசெனிக் பாணியே எஷ்ஷின் அடித்தளம். அதனுடன் குதுப்ஷாஹி, முகலாய மரபுகளின் குவிமாடங்கள், வளைவுகள், மினார்களை இணைத்தார். வெளித்தோற்றம் மரபு சார்ந்ததாக இருந்தாலும், கட்டும் முறையில் புதுமையை நாடினார். காச்சிகுடா ரயில் நிலையத்தில், முன்கூட்டியே வார்க்கப்பட்ட கான்கிரீட் பாகங்களைப் பயன்படுத்தினார்.

இளஞ்சிவப்பு கிரானைட்டும் செந்நிற மணற்கல்லும் கொண்டு எழுந்த உயர் நீதிமன்றத்தின் பணிகள் 1915 ஏப்ரலில் தொடங்கின. 1920 ஏப்ரல் 20 அன்று நிஜாம் அதைத் திறந்து வைத்தார். இப்பெருமை எஷ் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வரைபடங்களைத் தயாரித்த ஜெய்ப்பூரின் சங்கர் லால், கட்டுமானத்தை நிறைவேற்றிய உள்ளூர்ப் பொறியாளர் மெஹர் அலி ஃபாசில் ஆகியோருக்கும் அதில் பங்குண்டு.

உயர் நீதிமன்றத்துக்கு அருகே சிட்டி கல்லூரிக் கட்டடமும், எதிர்க்கரையில் வெள்ளம் அழித்த அப்சல்கஞ்ச் பகுதியிலேயே உஸ்மானியா மருத்துவமனையும் எழுந்தன. உயிர்களைக் காத்த புளியமரம் இன்றும் மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பிய எஷ், 1950-ல் காலமானார்.

எதிர்காலம் என்ன?: உயர் நீதிமன்றம் 2009-ல் தீ விபத்தைச் சந்தித்துப் பின்னர் சீரமைக்கப்பட்டது. ராஜேந்திரநகரில் 100 ஏக்கரில் அமையும் புதிய உயர் நீதிமன்ற வளாகத்துக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது.

உஸ்மானியா மருத்துவமனையின் பழைய கட்டடத்தை இடிக்க 2015-ல் மாநில அரசு முன்வந்தபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2020 ஜூலையில் மழைநீர் புகுந்ததால் அக்கட்டடம் மூடப்பட்டது. கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு 2025 ஜனவரி 31 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

நோயாளிகளுக்குப் பாதுகாப்பான மருத்துவமனை தேவை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பயன்பாட்டில் இல்லாத கட்டடம் பராமரிப்பின்றி விரைவில் சிதையும். நீதிமன்றமும் மருத்துவமனையும் வெளியேறிய பின், இவ்விரு கட்டடங்களுக்கும் அளிக்கப்படும் புதிய பயன்பாடே எஷ்ஷின் படைப்புகள் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.